41-க்கு 7: லாரி மைலேஜின் கணக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டினால் கன்னியக்கோயில், அதன் பிறகு முள்ளோடை; அதோடு புதுச்சேரி எல்லை முடிகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெட்ரோல் பங்குகளில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரிகள் நின்று டீசல் பிடித்துக்கொண்டுதான் எல்லை தாண்டும். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். 200 லிட்டர் பிடித்தால் டிரைவர் படிக்கு ஆச்சு.

விலையில் இவ்வளவு கணக்குப் பார்க்கும் தொழிலில், பிடித்த டீசல் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு எண்களை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒன்று டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கிறது. இன்னொன்று பின் ஆக்சிலுக்குள், எண்ணெயில் மூழ்கிச் சுழலும் கிரவுன் சக்கரத்திலும் பினியனிலும் பற்களாக வெட்டப்பட்டிருக்கிறது. "பெரிய டயர் போட்டால் மைலேஜ் கூடும்", "கிரவுன் பினியனை மாற்றினால் டீசல் மிச்சம்" என்று டீக்கடையில் ஓடும் பேச்சு எல்லாம் இந்த இரண்டு எண்களைப் பற்றியதுதான். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மீட்டர் காட்டும் மாயம் என்று பிரித்துப் பார்க்கக் பெருக்கல் வகுத்தல் கணக்கே போதும்.

நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர்

கணக்குக்கு வசதியான வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் லாரி ஒரு நிமிடத்தில் சரியாக ஒரு கிலோமீட்டர், அதாவது 1,000 மீட்டர் போகிறது.

டயரில் 295/90 R 20 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 295 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 90 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. R என்றால் ரேடியல். 20 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 295-இல் 90 சதவீதம் 265.5 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 531. ரிம்முக்கு 20 அங்குலம், அதாவது 508. மொத்த விட்டம் 1,039 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர். லோடு ஏறியதும் தரையைத் தொடும் இடத்தில் டயர் சற்று நசுங்கும். அதையும் கழித்தால் ஒரு சுற்றுக்கு லாரி சுமார் 3.2 மீட்டர் நகரும். 1,000 மீட்டர் போக, சக்கரம் நிமிடத்துக்கு 312 சுற்று சுற்ற வேண்டும்.

இனி ஆக்சில். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக வரும் நீண்ட தண்டு, பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால் விகிதம் 5.86. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, தண்டு 5.86 சுற்று சுற்றியாக வேண்டும். டாப் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்பாக்ஸ் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,830 சுற்று.

அதே லாரியில் 41-க்கு 6 பல் கொண்ட செட் இருந்தால் விகிதம் 6.83, எஞ்சின் சுற்று 2,130-க்கு ஏறிவிடும். 37-க்கு 7 என்றால் 5.29, சுற்று 1,650. 37-க்கு 9 என்றால் 4.11; சுற்று 1,280-தான். சாலை அதே, வேகம் அதே, லோடும் அதே. எஞ்சின் மட்டும் 2,130-இலும் ஓடலாம், 1,280-இலும் ஓடலாம்.

இதோடு ஒப்பிட்டால் டயர் அளவை மாற்றுவதால் வருவது சொற்பம். பழைய 10.00 R 20 டயரின் விட்டம் ஏறக்குறைய 1,055 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 295/90 R 20 போட்டால் விட்டம் 1.5 சதவீதம் குறையும். எஞ்சின் சுற்றில் 30 கூட மாறாது. ஆக்சிலை 6.83-லிருந்து 5.86-க்கு மாற்றினால் கிடைப்பது 14 சதவீத மாற்றம். அதே பலனை டயரிலேயே எடுக்க நினைத்தால் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயர டயர் வேண்டும். அது மட்கார்டுக்குள்ளேயே நுழையாது.

சுற்று குறைந்தால் டீசல் ஏன் குறைகிறது?

சமதளத்தில் 60-இல் போகும் 25 டன் லாரிக்குத் தேவைப்படும் சக்தி சுமார் 60 குதிரைத்திறன்தான். எஞ்சினின் முழுச் சக்தி அதைப் போல மூன்று மடங்கு இருக்கும். அதாவது சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் பாதிப் பளுவுக்கும் கீழேதான் வேலை செய்கிறது.

எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவும் டீசல் வேண்டும். பிஸ்டன் உரசல், எண்ணெய் பம்ப், தண்ணீர் பம்ப், காற்றை உள்ளே இழுத்துப் புகையை வெளியே தள்ளும் வேலை எல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் வரி கேட்கும். 2,130 சுற்று என்றால் 2,130 முறை வரி. அதே 60 குதிரைத்திறனை 1,650 சுற்றில் எடுத்தால் ஒவ்வொரு வெடிப்பும் சற்றுப் பலமாக இருக்கும். வரி கட்டும் தடவை குறையும். நிமிடத்துக்கு 100 சுற்று குறைந்தால் டீசல் சுமார் 1 சதவீதம் குறையும் என்பது லாரித் தொழிலில் உலகெங்கும் புழங்கும் தோராயக் கணக்கு. 6.83-லிருந்து 5.86-க்கு வந்தால் 300 சுற்று, 3 சதவீதம். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு இது மாதத்துக்கு 40 லிட்டர்.

அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகளில் ஆக்சில் விகிதம் 3-க்கும் கீழே இறங்கிப் போனதற்குக் காரணம் இதுதான். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், மணிக்கணக்கில் பிரேக் தொடாமல் ஓடும் வண்டிகள் அவை. அங்கே நல்லதாக இருப்பது இங்கேயும் நல்லதா?

இங்கேதான் கணக்கின் மறுபக்கம் வருகிறது. விகிதம் எத்தனை சதவீதம் குறைகிறதோ, ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவையும் அத்தனை சதவீதம் குறையும். 6.83 ஆக்சிலோடு ஒப்பிட்டால் 5.29 ஆக்சிலில் முதல் கியர் இழுவை சுமார் 23 சதவீதம் போய்விடும். ஏரிக்குள் இறங்கிச் சவுடு மண் ஏற்றிக்கொண்டு கரையேறும் டிப்பரைப் பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் 25 டன் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை மட்டுமே 2,500 கிலோ. அந்த இடத்தில் இழுவை போதவில்லை என்றால் டிரைவர் கிளட்சை அரைத்துத்தான் வண்டியை எடுப்பார். மிச்சம் பிடித்த டீசல் காசு கிளட்ச் தட்டுக்குப் போகும். குவாரி, சுரங்கம் பக்கம் ஓடும் வண்டிகளில் சக்கர மையத்திலேயே இன்னொரு பல்சக்கரத் தொகுதி வைத்து இழுவையைக் கூட்டுவதும் இதனால்தான்.

நம் சாலையில் 40

இரண்டாவது சிக்கல் வேகம். கடலூர் சாலையில் முருங்கப்பாக்கத்திலிருந்து தவளக்குப்பம் வரை பகல் நேரத்தில் லோடு லாரி 60-ஐத் தொடுவதே அபூர்வம். 40 என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுவோம். சக்கரம் நிமிடத்துக்கு 208 சுற்று. 5.86 ஆக்சிலில் டாப் கியரில் எஞ்சின் 1,220 சுற்றில் ஓடும். பெரிய டீசல் எஞ்சின் நிம்மதியாக இழுக்கும் இடம் இது. டாஷ்போர்டில் பச்சைப் பட்டை இருக்கும் வண்டிகளில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் அந்தப் பட்டைக்குள்தான் நிற்கும்.

4.11 ஆக்சிலில் அதே வேகத்தில் சுற்று 860-க்கு விழுந்துவிடும். எஞ்சின் முனகும், வண்டி உதறும். டிரைவர் ஒரு கியர் கீழே தட்டுவார். அந்தக் கியரின் விகிதம் 1.4 என்றால் மொத்த விகிதம் 5.75. சுற்றி வளைத்துப் பழைய 5.86-க்கே வந்தாயிற்று. கூடுதலாக ஒரு நஷ்டமும் உண்டு. டாப் கியரில் சக்தி பல்லோடு பல் மோதாமல் கியர்பாக்ஸை நேராகக் கடந்துவிடும். கீழ் கியரில் இரண்டு ஜோடிப் பற்கள் வழியாகப் போக வேண்டும்; அங்கே இரண்டொரு சதவீதம் வெப்பமாகிவிடும். சென்னை–கொல்கத்தா ஓடும் வண்டியில் டீசல் மிச்சப்படுத்தும் ஆக்சில், திருவக்கரைப் பக்கமிருந்து அரியாங்குப்பத்துக்கு ஜல்லி அடிக்கும் வண்டியில் டீசல் தின்னும் ஆக்சிலாக மாறும் விதம் இது.

ஒன்றிய அரசு 2017 ஆகஸ்டில் கனரக வண்டிகளுக்கு எரிபொருள் அளவு நிர்ணயித்தபோது, லாரிகளைச் சோதிக்க எடுத்துக்கொண்ட வேகங்களும் 40, 60 ஆகிய இரண்டுதான். ஆனால் அது சீரான வேகத்தில் நடக்கும் சோதனை. சிக்னலும் பஸ் நிறுத்தமும் அதில் வராது. சாலையில் உண்மையாக டீசலைக் குடிப்பது அவைதான். 40-இல் போகும் 25 டன் வண்டியை பிரேக் போட்டு நிறுத்தினால், அதுவரை சேர்த்த இயக்க ஆற்றல் அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாகிப் போகும். மறுபடி 40-ஐப் பிடிக்க சுமார் 120 மில்லி டீசல் எரிய வேண்டும். எட்டு முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. எந்த டயரும் எந்த ஆக்சிலும் இதைத் திருப்பித் தராது. முன்னால் சிக்னல் சிவப்பைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை உருளவிடும் டிரைவர்தான் தருவார்.

டயரின் உண்மையான பங்கு

அப்படியானால் மைலேஜில் டயருக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. அது உயரத்தில் இல்லை, ரப்பர் வளைந்து நிமிர்வதில் இருக்கிறது.

ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகியதும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வராது. ஒரு பங்கு வெப்பமாகத் தங்கிவிடும். நெடுந்தூரம் ஓடி வந்த டயரைத் தொட்டால் கை சுடுவதற்கு இது முக்கியக் காரணம். இந்த இழப்பை 'உருள் தடை' என்கிறார்கள். நல்ல ரேடியல் டயர் ஒரு டன் எடைக்குச் சுமார் 7 கிலோ விசையால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். குறுக்கு நூல் போட்ட நைலான் டயர் 9 கிலோவுக்கு மேல். 25 டன்னுக்கு ரேடியலில் 175 கிலோ, நைலானில் 225 கிலோ.

காற்றின் தடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் லாரியின் முகப்பு அளவுக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 40 கிலோ விசை அளவுதான். 60-இல் 95, 80-இல் 170. அதாவது 80-ஐ எட்டினால்தான் காற்றுத் தடை டயரின் தடையைத் தொடுகிறது. 40-இலும் 50-இலும் ஊரும் நம் சாலைகளில் பெரிய எதிரி டயருக்குள்தான் இருக்கிறது. 60-இல் நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறினால் மொத்தத் தடை 320-லிருந்து 270 கிலோவாகக் குறையும். நிறுத்தங்களும் எஞ்சினின் சொந்த இழப்பும் கழிந்து இதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். அந்தப் பகுதியே, டயரின் உயரத்தை மாற்றிக் கிடைப்பதைவிடப் பெரியது.

ரேடியலுக்கு பிரான்சின் மிச்லின் நிறுவனம் 1946-இலேயே காப்புரிமை எடுத்துவிட்டது. ஆனாலும் நம் லாரிகள் வெகுகாலம் நைலானை விடவில்லை. அதிகப்படி லோடு, மோசமான சாலை, பக்கச் சுவர் கிழிந்தால் போய்விடும் என்ற பயம், தேய்ந்த டயருக்கு மறுபடி மறுபடி ரீபட்டன் அடித்து ஓட்டும் வழக்கம் எல்லாம் சேர்ந்துதான் காரணம். குண்டும் குழியுமான குவாரிப் பாதையில் அந்த பயத்துக்கு நியாயமும் உண்டு. தார்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த நியாயம் இல்லை. இதற்கிடையே லோடும் கூடியிருக்கிறது: 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலின் எடை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. எடை கூடக் கூட உருள் தடையும் அதே விகிதத்தில் கூடும். டயரின் தரம் முன்னைவிட இப்போது அதிகக் காசு பேசுகிறது. 2022 ஜூனில் ஒன்றிய அரசு உருள் தடைக்கும் ஈரச் சாலைப் பிடிப்புக்கும் தர வரம்பு அறிவித்தது. லாரி டயர்களும் அதில் அடங்கும்.

காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும், தடை ஏறும். 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் டீசல் அரை முதல் ஒரு சதவீதம் வரை கூடுதலாகப் போகும். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுக் காற்றுப் பார்க்கும் பழக்கம் பஞ்சரைக் கண்டுபிடிக்கும், 10 பி.எஸ்.ஐ. குறைவைக் கண்டுபிடிக்காது. கேஜ் வைத்து, வண்டி கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு.

இரட்டை டயரில் இன்னொரு ஓட்டை. பின்னால் ஒரே ஹப்பில் ஜோடியாக மாட்டிய இரண்டு டயர்களில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது. விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் 38 மில்லிமீட்டர். கிலோமீட்டருக்கு 312 சுற்று என்றால் கிட்டத்தட்ட 12 மீட்டர். இரண்டும் ஒரே ஹப்பில் இறுகியிருப்பதால் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் உதவிக்கு வராது. பெரிய டயர் அதிகப் பளு தாங்கி நசுங்கும், சின்ன டயர் தேய்த்துக்கொண்டே வரும். இரண்டுக்கும் ஆயுள் குறைவு, டீசலுக்கும் கேடு.

மீட்டர் சொல்லும் பொய்

மைலேஜ் பேச்சில் பாதி குழப்பம் மீட்டரில் இருக்கிறது. லாரியின் கிலோமீட்டர் மீட்டருக்குச் சாலை தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் அது கியர்பாக்ஸ் வாலில் தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, இன்ன டயர், இன்ன ஆக்சில் என்று கம்பெனியில் பதித்த எண்ணால் தூரமாக மாற்றுகிறது.

புது டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் வெட்டு, 15 மில்லிமீட்டர் ஆழம். தேய்ந்து 3 ஆகும்போது விட்டம் 24 மில்லிமீட்டர், அதாவது 2.3 சதவீதம் குறைந்துவிடும். அதே ஊருக்குப் போய் வர சக்கரம் அதிகச் சுற்று சுற்றும். மீட்டர் அதிகக் கிலோமீட்டர் காட்டும். லிட்டருக்கு 4.5 கொடுக்கும் வண்டி 4.6 கொடுப்பதாகத் தெரியும். "டயர் தேய்ந்தால் மைலேஜ் கூடுது, புதுசு போட்டதும் இறங்கிப்போச்சு" என்ற புகாரில் பாதி இதுதான். மீதிப் பாதி உண்மை: பட்டன் தேய்ந்த டயரில் வளைந்து சூடாக ரப்பர் குறைவு, அதனால் உருள் தடையும் குறைவு. அதற்காக மொட்டை டயரில் ஓட்டினால் மழைநாளில் பிரேக் பிடிக்காது.

ஆக்சிலை மாற்றினால் பொய் இன்னும் பெரியது. 6.83-லிருந்து 5.86-க்கு மாற்றிவிட்டு மீட்டரில் எண்ணை மாற்றாமல் விட்டால், உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 86 என்று காட்டும். 3 சதவீதம் டீசல் மிச்சமான வண்டியில் மைலேஜ் 4.5-லிருந்து 4-க்கு விழுந்ததாகத் தோன்றும். மிச்சம் பிடிக்கும் செட்டையே ஓனர் கழற்றிப் போட்டுவிடக்கூடும். இதில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. டிப்பர், டேங்கர் போன்றவற்றுக்கு 60 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. அந்தக் கருவியும் இதே கணக்கைத்தான் நம்புகிறது. அது 60 என்று நினைக்கும்போது வண்டி 70-இல் போய்க்கொண்டிருக்கும்.

வாங்கும் முன்

புது லாரியோ பழைய லாரியோ வாங்கும்போது மூன்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: டயர் அளவு, ஆக்சில் விகிதம், கியர்பாக்ஸின் டாப் கியர் விகிதம். பிறகு உங்கள் வண்டி ஒரு நாளில் அதிக நேரம் ஓடும் வேகத்தை வைத்து எஞ்சின் சுற்றைப் போட்டுப் பாருங்கள். அந்தச் சுற்று பச்சைப் பட்டைக்குள் விழுந்தால் ஆக்சில் சரி. பட்டைக்கு மேலே போனால் டீசல் வீண். கீழே விழுந்தால் கியர் தட்டியே கை வலிக்கும். உள்ளூரில் ஜல்லியும் மண்ணும் அடிக்கும் வண்டிக்கு விகிதம் கூடுதலான செட்டும், நாற்கரச் சாலையில் இரவெல்லாம் ஓடும் வண்டிக்கு விகிதம் குறைவான செட்டும்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே செட் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கிரவுன் பினியன் செட்டை மாற்றுவது பெரிய செலவு. மாதம் 40 லிட்டர் மிச்சத்துக்கு எத்தனை மாதத்தில் அந்தச் செலவு திரும்பும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கம்பெனி அந்த மாடலுக்கு அங்கீகரித்த டயர், ஆக்சில் பட்டியலைத் தாண்டவும் வேண்டாம். பிரேக்கும் இன்ஷூரன்ஸும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மாற்றினால் மீட்டரையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் திருத்தி வாங்குங்கள். மைலேஜை மீட்டரில் பார்க்காமல், டாங்க் நிரப்பி, ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தை வைத்து, மறுபடி டாங்க் நிரப்பிப் பாருங்கள்.

செலவில்லாத முதல் வேலை காற்று. இரண்டாவது, ஜோடி டயர்களை ஒரே உயரத்தில் சேர்த்து மாட்டுவது. மூன்றாவது, தார்ச் சாலை வண்டியில் அடுத்த செட் டயரை உருள் தடை குறைந்த ரேடியலாக வாங்குவது. ஆக்சிலைப் பற்றிய யோசனை இவற்றுக்குப் பிறகுதான். டயரை உயரமாக்கும் யோசனையைக் கைவிடலாம். அதில் சொல்லும்படியான டீசல் மிச்சம் இல்லை.